திராட்சைத் தோட்டத்துக்குள் காலை வைக்கும் முன்...

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் போகிறவர்களில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று ஒரு செல்ஃபி எடுக்காமல் திரும்புகிறவர்கள் ரொம்பக் குறைவு. சுருளி அருவியில் குளித்துவிட்டு, வழியில் சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ வண்டியை ஓரங்கட்டி, தலைக்கு மேலே கருநீலக் கொத்துகள் தொங்கும் பந்தலுக்குள் புகுந்து... அந்தப் படம் இல்லாத குடும்ப வாட்ஸ்அப் குரூப் உண்டா என்ன?

இதையே ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்குப் பக்கத்திலிருக்கும் பரோசா பள்ளத்தாக்கில் செய்ய நினைத்தால் முதலில் வேலி தடுக்கும். வேலியில் பலகை இருக்கும்: 'கொடிகளுக்கு இடையே நடக்காதீர்கள்!' உள்ளே போயே தீர வேண்டிய வேலை இருந்தால் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். கடைசியாக எந்தத் தோட்டத்துக்குப் போனீர்கள் என்று கேட்பார்கள். செருப்பு, ஷூவில் ஒட்டியிருக்கும் மண்ணை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, மருந்துத் தொட்டிக்குள் காலோடு நிற்கச் சொல்வார்கள்.

கோயிலுக்குள் போகும் முன் கால் கழுவுகிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஆனால், ஒரு தோட்டத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

காரணம், ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத மஞ்சள் நிறப் பூச்சி. பெயர் ஃபிலாக்சீரா. நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த அசுவினிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பழத்தைத் தின்னும் மனிதர்களுக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால், ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை ஏறக்குறைய துடைத்துப் போட்ட பூச்சி இதுதான்.

செத்த கொடியில் பூச்சி இல்லை!

1863-ம் ஆண்டு வாக்கில் பிரான்சின் தெற்குப் பகுதியில், ரோன் நதிக்கரை ஊர்களில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாட ஆரம்பித்தன. முதல் வருடம் தோட்டத்தின் நடுவில் நாலைந்து கொடிகளின் இலை மஞ்சளாகும். அடுத்த வருடம் அந்த வட்டம் பெரிதாகும். காகிதத்தில் விழுந்த எண்ணெய்த் துளி பரவுவதுபோல மூன்று, நான்கு வருடங்களில் தோட்டமே காலி. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகிக் கிடக்கும். புழுவும் இருக்காது, பூச்சியும் இருக்காது. மண் கெட்டுவிட்டது என்றார்கள், மழை சரியில்லை என்றார்கள், கடவுளின் தண்டனை என்றும் சொன்னார்கள்.

1868 ஜூலையில் ஜூல் எமில் பிளான்ஷோன் என்ற தாவரவியல் பேராசிரியரும் இன்னும் இரண்டு பேரும் இதை ஆராயக் கிளம்பினார்கள். அவர்களும் முதலில் செத்த கொடிகளைத்தான் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு பக்கத்தில் பச்சைப்பசேலென்று நின்ற கொடி ஒன்றின் வேரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான், வேர் முழுக்க மஞ்சள் பொடி தூவியதுபோல பூச்சிகள் அப்பியிருந்தது தெரிந்தது. கொடி சாகும்போது பூச்சி சாறு தேடி அடுத்த வேருக்குப் போய்விடுகிறது. அதனால்தான் பிணத்தில் கொலைகாரனைக் காணோம்! துப்பறியும் கதைகளில் வருகிற திருப்பத்துக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை.

பூச்சி வேரில் குத்திச் சாறு உறிஞ்சும்போது, அதன் எச்சில் பட்ட இடம் வீங்கி வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியாக மண்ணிலிருக்கும் பூஞ்சைகள் உள்ளே நுழைந்து வேரை அழுகவைக்கின்றன. பெண் பூச்சி ஆண் துணை இல்லாமலேயே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரே ஒரு பூச்சி உள்ளே வந்தால் போதும் என்பதன் அர்த்தம் இதுதான்.

பிரான்சின் ஒயின் உற்பத்தி 1875-ல் 8 கோடியே 45 லட்சம் ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர்). 1889-ல் அது 2 கோடியே 34 லட்சமாக விழுந்தது. அரசாங்கம் மருந்து கண்டுபிடிப்பவருக்கு 20,000 ஃபிராங்க் பரிசு என்று அறிவித்து, பிறகு அதை 3 லட்சமாக ஏற்றியது. யோசனைகள் வந்து குவிந்தன. கொடிக்கு அடியில் உயிரோடு தவளையைப் புதைத்துப் பார்த்தவர்கள்கூட உண்டு. குளிர்காலத்தில் தோட்டத்தை வாரக்கணக்கில் தண்ணீரில் மூழ்கடிப்பது ஓரளவுக்குப் பலன் தந்தது, ஆனால் மலைச்சரிவில் இருப்பவர் என்ன செய்வார்? அந்தப் பரிசு கடைசிவரை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

மருந்தே கொண்டுவந்த நோய்கள்

இந்தப் பூச்சி பிரான்சுக்கு எப்படி வந்தது? அங்கேதான் கதையின் நிஜமான பாடம் இருக்கிறது.

1845-ல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் டக்கர் என்ற தோட்டக்காரர், திராட்சைப் பழங்களில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதைப் பார்த்தார். இன்று நாம் சாம்பல் நோய் என்று சொல்வதுதான் அது. அமெரிக்காவிலிருந்து வந்த பூஞ்சை. சில வருடங்களில் பிரான்சு வரை பரவி விளைச்சலைப் பாதாளத்துக்குத் தள்ளியது. கந்தகத் தூள் தூவினால் கட்டுப்படும் என்று கண்டுபிடித்தார்கள். கூடவே, 'அமெரிக்கக் கொடிகளுக்கு இந்த நோய் தாங்கும் சக்தி இருக்கிறதே, அதையே கொண்டுவந்து நட்டால் என்ன?' என்ற எண்ணமும் வந்தது. கப்பல் கப்பலாக அமெரிக்கக் கொடிகள் வந்தன. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் வந்தபோது வழியிலேயே செத்துப்போன பூச்சி, நீராவிக் கப்பலின் வேகத்தில் உயிரோடு கரை இறங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஃபிலாக்சீராவுக்கு வைத்தியமும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அந்தப் பூச்சியோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர், கடிபட்ட இடத்தைத் தக்கைபோலச் சுற்றி மூடிக்கொள்ளும். எனவே அமெரிக்க வேர், அதன்மேல் பிரெஞ்சுக் கொடி என்று ஒட்டுக்கட்டினார்கள். மிசௌரியின் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி, டெக்சாஸின் டி.வி. மன்சன் இருவரும் இதில் பெரிய உதவி செய்தார்கள். மன்சனை 1888-ல் பிரெஞ்சு அரசு விருது கொடுத்துக் கௌரவித்தது.

சரி, சுபம் போடலாமா என்றால் அதுதான் இல்லை. ஒட்டுக்கட்ட வந்த அமெரிக்கச் செடிகளோடு இன்னொரு நோயும் இறங்கியது. 1878-ல் பிரான்சில் தென்பட்ட அது, நம் ஊரில் அடிச்சாம்பல் நோய் எனப்படுவது. இன்றைக்கும் தேனி விவசாயியின் தூக்கத்தைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம்.

அதற்கு மருந்து கிடைத்த கதை இன்னும் சுவாரஸ்யம். போர்டோ பகுதியில் சாலையோரத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருப்பதற்காக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரக் கொடிகளில் தெளிப்பது வழக்கம். பார்த்தால் விஷம்போலத் தெரியும், அவ்வளவுதான் நோக்கம். 1882-ல் அந்த வழியாகப் போன மில்லார்டே என்ற பேராசிரியர், ஓரக் கொடிகளில் மட்டும் இலைகள் ஆரோக்கியமாக இருப்பதைக் கவனித்தார். அப்படிப் பிறந்ததுதான் போர்டோ கலவை. திருடனுக்குப் பயந்து அடித்த மருந்து! 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று கம்பத்தில் இன்றும் கலக்கிறார்களே, அதே கலவைதான்.

வரிசையைப் பாருங்கள். ஒரு நோய்க்குத் தீர்வு தேடிப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். பூச்சிக்குத் தீர்வு தேடி அடுத்த நோயைக் கொண்டுவந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. வெளியிலிருந்து வரும் செடியை வாசலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றியபோது தாமதமாகியிருந்தது. 1878-ல் பெர்ன் நகரில் சில ஐரோப்பிய நாடுகள் கூடி, ஃபிலாக்சீரா பரவாமல் தடுக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. செடிகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் இன்றைய உலக விதிகளுக்கு அதுதான் முன்னோடி.

வாசலிலேயே நிறுத்தியவர்கள்

ஆஸ்திரேலியாவுக்கு 1877-ல் ஃபிலாக்சீரா வந்துசேர்ந்தது, விக்டோரியா மாநிலத்தில் ஜீலாங் நகருக்குப் பக்கத்தில். அரசு அங்கிருந்த தோட்டங்களை வேரோடு பிடுங்க உத்தரவு போட்டது. அப்படியும் பூச்சி வேறு பகுதிகளுக்குப் போய்விட்டது. பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியா இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1899-ல் தனிச் சட்டமே போட்டு, வெளியிலிருந்து திராட்சைச் செடி, குச்சி எதுவும் வரக்கூடாது என்று கதவைச் சாத்தியது. அதன் பலன், பரோசாவில் 1843-ல் நடப்பட்டதாகக் கருதப்படும் ஷிராஸ் கொடிகள் இன்றும் ஒட்டுக்கட்டாத சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. 180 வயதுக் கொடி!

விக்டோரியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2006-ல் மெல்போர்னுக்கு அருகிலிருக்கும் யாரா பள்ளத்தாக்கிலும் பூச்சி தென்பட்டது. 100 வருடம் கழித்தும் அது ஓயவில்லை.

நாடு முழுவதையும் பூச்சி உள்ள பகுதி, சந்தேகப் பகுதி, பூச்சி இல்லாத பகுதி என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் பழம், குச்சி, டிராக்டர், அறுவடை இயந்திரம், பழம் அள்ளும் தொட்டி எது போவதானாலும் அதற்குத் தனி விதி. தானாக ஊர்ந்து போனால் இந்தப் பூச்சி மெதுவாகத்தான் நகரும். மனிதனின் காலில் ஏறினால்தான் ஒரே நாளில் 500 கிலோமீட்டர் போகும்.

ஷூ விஷயத்துக்கு வருவோம். முதலில் மண்ணை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு 2 சதவிகித சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில், அதாவது பிளீச் திரவத்தில், 60 விநாடி நிற்க வேண்டும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. இதில் பலர் செய்யும் தப்பு, சேற்றுக் காலோடு அப்படியே தொட்டியில் இறங்குவது. மண் கலந்தால் மருந்தின் வீரியம் போய்விடும். அதற்குப் பிறகு அந்தத் தொட்டி வெறும் சடங்கு. கருவிகளையும் இயந்திரங்களையும் கழுவிக் காயவைத்து, சூடான அறையில் வைப்பதும் உண்டு. 45 டிகிரி என்றால் 75 நிமிடம், 40 டிகிரி என்றால் 2 மணி நேரம். நம் ஊர் மே மாத வெயிலின் சூடுதான்.

வெயில் காலத்தில் பூச்சியின் குஞ்சுகள் வேரிலிருந்து மேலே ஏறி, இலைக்கும் பழக்குலைக்கும் வரும். அப்போது சட்டை, தொப்பி எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஒரே நாளில் இரண்டு தோட்டம் போகிற ஆலோசகர்கள், முதலில் சுத்தமான தோட்டத்துக்கும் பிறகு சந்தேகமான தோட்டத்துக்கும் போவார்கள். தலைகீழாகப் போகவே கூடாது.

இவ்வளவு ஏன் என்றால், பூச்சி நுழைந்த இரண்டு மூன்று வருடங்கள் கழித்துத்தான் கொடியில் அறிகுறி தெரியும். 'எங்கள் தோட்டத்தில் ஒன்றும் இல்லையே' என்று சொல்கிற அந்த இரண்டு வருடத்தில்தான் அது பத்துத் தோட்டங்களுக்குப் போயிருக்கும்.

ஒட்டுக்கட்டிவிட்டால் கவலை இல்லையே என்று நினைக்காதீர்கள். கலிபோர்னியாவின் நாபா, சொனோமா பகுதிகளில் ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்ச்செடியை நம்பி ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். அதன் ரத்தத்தில் பாதி, பூச்சியைத் தாங்காத ஐரோப்பியத் திராட்சை. 1980-களில் பூச்சி அதையும் சாய்த்தது. திரும்ப நட எக்கச்சக்கமாகச் செலவானது.

நம் வீட்டு மாடியில் நடந்தது

சென்ற வருடம் தோழி வீட்டிலிருந்து ஒரு செம்பருத்திக் குச்சி கொண்டுவந்து, எங்கள் மாடித் தோட்டத்தில் வைத்தேன். நல்ல அடுக்குச் செம்பருத்தி. இரண்டே மாதத்தில் கத்திரி, மிளகாய், கொய்யா என்று எல்லாத் தொட்டியிலும் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. குச்சியின் கணுவில் ஒரு பொட்டு பஞ்சுபோல ஒட்டியிருந்ததை நான் கவனித்தேன்தான். துடைத்துவிட்டு நட்டால் போதும் என்று நினைத்தேன். அந்தக் குச்சியை இரண்டு வாரம் தனியாக வைத்திருந்தால், பாதித் தொட்டிகளைக் காலி செய்திருக்க வேண்டாம்.

தமிழ்நாடே இந்த அனுபவத்தைப் பார்த்திருக்கிறது. 2008-ல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. 2010-ல் அதைத் தின்னும் குட்டிக் குளவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட பிறகுதான் மூச்சு வந்தது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் ஏறிய சுருள் வெள்ளை ஈயோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். இவையும் வெளியிலிருந்து வந்தவைதான்.

கம்பத்துக்கு என்ன கவலை?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் ரகப் பெயர். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் தமிழ்நாட்டுக்குத் திராட்சையைக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இந்தப் பள்ளத்தாக்கின் பெருமையே வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும் என்பதுதான். என்னைக் கேட்டால், அதன் பலவீனமும் அதுவே. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும், பூச்சிக்கும் நோய்க்கும் சாப்பாடு நின்றுபோகும். இங்கே இந்தத் தோட்டத்தில் கவாத்து செய்யும்போது பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து, அதற்கடுத்த தோட்டத்தில் பழம். நோய்க்கு விடுமுறையே கிடையாது.

அடிச்சாம்பல் நோய் காற்றிலும் மழைத் தூறலிலும் பரவுவது. செருப்பைக் கழுவினால் அது நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவாத்து செய்த குச்சிகளையும் உதிர்ந்த இலைகளையும் பந்தலுக்கு அடியில் விடாமல் அப்புறப்படுத்துவது, பந்தலில் காற்றோட்டம் விடுவது, சரியான நேரத்தில் மருந்து, இவைதான் அதற்கு வழி. ஆனால் குச்சியில் ஒளிந்து வரும் வைரஸ், பாக்டீரியா, மாவுப்பூச்சி, மண்ணோடு வரும் நூற்புழு எல்லாம் மனிதன் கையால் பயணம் செய்பவை. வைரஸ் ஏறிய கொடிக்கு மருந்தே கிடையாது, பிடுங்கத்தான் வேண்டும். அவற்றை வாசலில் நிறுத்தலாம்.

குச்சி வாங்கும் இடத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். நன்றாகக் காய்க்கிறது என்று தெரிந்தவர் தோட்டத்தில் நாலு கட்டு வெட்டிவருவது செலவில்லாத வழிதான். தாய்க்கொடியில் நோய் இருந்தால், அது 20 வருடத்துக்கு உங்கள் தோட்டத்தில் குடியிருக்கும். இந்திய விதிப்படி, வெளிநாட்டிலிருந்து நடவுக் குச்சி கொண்டுவர அனுமதிச் சீட்டும், தாவர நலச் சான்றிதழும், வந்த பிறகு தனிமைப்படுத்தி வளர்ப்பதும் கட்டாயம். பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவரும் 'அபூர்வ ரக' குச்சிக்கு இவை எதுவும் இல்லை. கவாத்து ஆட்களின் கத்தரிக்கோல் அடுத்தது. காலையில் ஒரு தோட்டம், மதியம் இன்னொன்று என்று போகும் அந்தக் கத்தரிக்கோலைத் தோட்டத்து வாசலில் ஒரு முறை கிருமிநாசினியில் முக்கி எடுக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். சந்தையிலிருந்து திரும்பி வரும் பிளாஸ்டிக் கூடைகளை வெளியிலேயே கழுவிவிடலாம். வாரம் ஒரு முறை பந்தலைச் சுற்றி நடந்து, மற்றவற்றோடு சேராமல் வாடி நிற்கும் கொடியைக் குறித்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் ஆனைமலையன்பட்டியில் இருக்கும் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய்வரலாம்.

பிள்ளைகளைப் பார்க்க மெல்போர்ன், சிட்னி என்று பறக்கும் அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. விமானத்தில் தரும் பயண அட்டையில், கடந்த 30 நாள்களில் பண்ணை, தோட்டம் பக்கம் போனீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். போயிருந்தால் 'ஆம்' என்றே எழுதுங்கள். பெரும்பாலும் ஷூவைக் காட்டச் சொல்வார்கள், மண் இருந்தால் சுத்தம் செய்து தருவார்கள். மறைத்து மாட்டினால்தான் அபராதம். கறிவேப்பிலைக் கொத்து, விதை பொட்டலம் எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும். அங்கே போய் மெல்போர்னிலிருந்து அடிலெய்டுக்குக் காரில் கிளம்பினால், வாங்கிய பழத்தை மாநில எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பழ ஈ பரவாமல் இருக்க, மிச்சத்தை அங்கே தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கம்பம் போகிறவர்கள் செல்ஃபியை விட வேண்டாம். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஓரத்துப் பந்தலில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தோட்டத்துக்குள் போவதானால் செருப்பு மண்ணைத் தட்டிவிட்டுப் போங்கள். அழகாக இருக்கிறதே என்று குச்சி மட்டும் ஒடிக்காதீர்கள். பழம் வேண்டுமென்றால் தோட்டத்து வாசலிலேயே தராசு வைத்திருப்பார்கள், கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.